இடது காலின் அளவு

ஜூன் 4

என் தபால்காரருக்கு,

நான் இங்கே சுகம். இருமல் என்னை விட்டுப் பக்கத்துக் கட்டில்காரியைப் பிடித்துக்கொண்டது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? சர்க்கரை மாத்திரையை வேளைக்கு ஒன்றாகப் போடுகிறீர்களா, இல்லை மறந்ததையெல்லாம் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை விழுங்குகிறீர்களா? ஒன்பது வருடமாக இதே கேள்வியைக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. ஆனாலும் விடமாட்டேன்.

கம்பெனி இந்த நாட்டில் திறந்த புது ஆலைக்கு என்னைத் தையல் பிரிவைப் பார்த்துக்கொள்ள அனுப்பிப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. இன்னும் பத்து மாதம். வாசல் சாவியை நான் கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருக்கிறேன். இங்கே அதற்குத் திறக்க ஒரு கதவும் இல்லை. சும்மா கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வருடா வருடம் செய்வதை இந்த வருடமும் செய்யுங்கள். தரையில் தாளைப் போட்டு, காலை ஊன்றி நின்று, பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு காலையும் வரைந்து அனுப்புங்கள். இங்கே நல்ல தோல் வந்திருக்கிறது, ஒரு ஜோடி ஷூ தைத்துவிடுகிறேன். இடது காலை மட்டும் அவசரப்பட்டு வரையாதீர்கள். குரூப் போட்டோவில் இடம் கிடைக்காதவர் மாதிரி உங்கள் சுண்டுவிரல் வெளியே தள்ளி நிற்கும். அதற்காக அரை விரல் அகலம் கூட்டி வெட்டுவதே எனக்குப் பழக்கமாகிவிட்டது.

மாலையில் ஷிப்ட் விடும்போது ஐந்நூறு பேர் என்னைத் தாண்டிப் போகிறார்கள். நான் எல்லார் காலையும் பார்க்கிறேன். உங்களைப் போல நடக்கிற கால் ஒன்றுகூட இல்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்களவள்


ஜூன் 17

மாண்புமிகு தையல் பிரிவு அம்மையாருக்கு,

இங்கே நான் நலம். மாடி வீட்டிலிருக்கும் என் தங்கை நலம், அவள் நாக்கு அதைவிட நலம். உன் இருமல் போனது கேட்டு நிம்மதி. அங்கே குளிர் எப்படி?

ஒரு கூத்து நடந்தது, கேள். ராத்திரி நான் வாசல் சாவியை ஷூவுக்குள் போட்டு வைப்பது உனக்குத் தெரியும். சாவியை எடுக்காமல் ஷூ போட முடியாது, ஆகவே சாவியை மறக்கவே முடியாது என்பது என் கொள்கை. நீ இதற்காக என்னைத் திட்டாத நாள் கிடையாது. போன செவ்வாய்க்கிழமை ஷூவில் சாவியைத் தேடாமலே மாட்டிக்கொண்டு கதவை இழுத்துச் சாத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டேன், அதுதான் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளுமே. பாதி வழியில் சட்டைப்பையைத் தடவினால் சாவி இல்லை. தபால் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். டீக்கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன். தங்கையைச் சந்தேகப்பட்டேன், அவளிடம் வாங்கியும் கட்டிக்கொண்டேன். பதினொரு தெருவுக்கும் தபால் கொடுத்து முடித்துவிட்டு, சாயந்திரம் மாடிப்படியில் உட்கார்ந்து இடது ஷூவைக் கழற்றுகிறேன், சாவி உள்ளேயிருந்து விழுகிறது! நாள் முழுக்க என்னோடேயே ஊர் சுற்றியிருக்கிறது. தங்கை சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அடிப்பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, சாவியின் பல் பதிந்து கொஞ்சம் தோல் கிழிந்திருந்தது. இரண்டு நாளில் ஆறிவிடும்.

பெரிய தாள் வாங்கியதும் கால் அளவு வரும். நீ இல்லாத வீட்டில் எல்லாப் பொருளும் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதுதான் பொறுக்கவில்லை.

அன்புடன்,
உன் தபால்காரன்


ஜூன் 30

என் தபால்காரருக்கு,

சுகம்தானே? நானும் சுகமே.

சாவிக் கதையைச் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மேஜையே குலுங்கியது. அடித்தோல் ஒட்டும் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார், நம் பாஷை பேசுகிறவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “சாவி கால்லயே இருந்திருக்கு. அது எப்படிம்மா அவருக்குத் தெரியாம போச்சு?” என்று கேட்டார்.

“வேலை மும்முரத்துல கவனிச்சிருக்க மாட்டாருக்கா” என்றேன்.

“ஒரு சின்னக் கல்லு இருந்தாலே நாம நாலடி நடக்க மாட்டோம். இவரு நாள் பூரா நடந்திருக்காரு. அவருக்குச் சர்க்கரை இருக்கா?”

இருக்கிறது என்றேன். “எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான்...” என்று ஆரம்பித்தவர், மிச்சத்தைச் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். பின்னால் போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை.

சர்க்கரை பல வருடம் இருந்தால் காலில் உணர்ச்சி குறையும் என்று டாக்டர் எப்போதோ சொன்னது இப்போதுதான் உறைக்கிறது. அன்று நாம் இரண்டு பேருமே தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டோம். தரையில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அன்று சாவி உங்களுக்கு வலித்ததா, இல்லையா? வேறெதுவும் எழுத வேண்டாம், இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

கவலையுடன்,
உங்களவள்


ஆகஸ்ட் 2

என்னங்க,

நலமா என்று கேட்டுத்தானே கடிதத்தைத் தொடங்க வேண்டும்? கேட்டுவிட்டேன். ஒரு மாதமாகப் பதில் இல்லை.

போனில் நலம் மட்டும், விஷயமெல்லாம் கடிதத்தில் என்று நாம்தான் முடிவு செய்தோம். தபால்காரன் பெண்டாட்டிக்குத் தபால் வராவிட்டால் கேவலம் என்று சொன்னதும் நீங்கள்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை போனில் “சாப்பிட்டியா, நான் சாப்பிட்டேன், வெச்சிடறேன்” என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறீர்கள். போன வாரம் பின்னால் தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது. என்ன அது என்றதற்கு “தபால் ஆபீஸ் வண்டி” என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை தபால் ஆபீசில் உங்களுக்கு என்ன வேலை?

உங்கள் தங்கையும் போனை எடுப்பதில்லை. ஊர் வம்புக்காகப் போனைக் கீழேயே வைக்காத ஆள் அவள். அண்ணனும் தங்கையும் சேர்ந்து எனக்குக் காது குத்துகிறீர்கள்.

தினமும் ஷிப்ட் முடிந்ததும் தபால் பெட்டியைப் பார்க்கிறேன். காலியாக இருந்தாலும் கையை விட்டுத் துழாவிவிட்டுத்தான் போகிறேன்.

நான்


ஆகஸ்ட் 19

அன்பு மனைவிக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்த வாசகத்தை நான் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.

கோபப்படாதே. தபால் தாமதமாகியிருக்கும், மழைக் காலத்தில் அப்படித்தான். மழை என்பதால் எனக்கும் உள்ளே வேலை கொடுத்துவிட்டார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து தபாலைத் தெரு வாரியாகப் பிரிக்கிறேன். தபால் ஆபீஸ் ஸ்டூலின் அருமை இத்தனை வருடம் தெரியாமல் போய்விட்டது.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: வலிக்கவில்லை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை.

கால் அளவு இரண்டும் இத்துடன். இந்த முறை அழகாக வரைந்திருக்கிறேன், நீயே மெச்சுவாய்.

ஜன்னலோரத்தில் உன் தையல் மிஷின் மேல் தூசு படிகிறது. நான் துடைக்கவில்லை. நீ வந்து துடைப்பாய், அப்போது திட்டுவாய். அந்தத் திட்டுக்காகத்தான் விட்டு வைத்திருக்கிறேன்.

உன்,
தபால்காரன்


செப்டம்பர் 3

என்னங்க,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்கப் போவதில்லை. நீங்கள் நலமில்லை என்று எனக்குத் தெரியும்.

இருபத்தாறு வருட வேலையில் தபால் தாமதம் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போனவர் நீங்கள். அந்த வார்த்தையை நீங்களே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோதே பாதி புரிந்துவிட்டது.

மீதி, அளவுத் தாளில் தெரிந்தது. இரண்டு தாளையும் ஒன்றின் மேல் ஒன்று திருப்பி வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்தேன். மயிரிழை பிசகவில்லை. எந்த மனுஷருக்கும் இரண்டு காலும் இப்படிப் பொருந்தாது. ஷூக்கடைப் பொம்மைக்குத்தான் பொருந்தும். வலது காலை வரைந்து, தாளைத் திருப்பிப் போட்டு இடது கால் என்று எழுதியிருக்கிறீர்கள். கால் பார்த்தே இருபத்திரண்டு வருடம் வயிறு வளர்த்தவளிடம் உங்கள் கைவரிசையைக் காட்டியிருக்கிறீர்கள்.

அந்தச் சுண்டுவிரல் எங்கே?

அளவுத் தாளைப் பிடித்துக்கொண்டு ஆலை ஜன்னலருகில் அழுதேன். தோல் சரியில்லாததற்கு அழுகிறேன் என்று நினைத்து ஒரு பெண் வேறு தோல் கொண்டுவந்து கொடுத்தாள்.

சொல்லுங்கள். எதுவானாலும் சொல்லிவிடுங்கள்.

நான்


செப்டம்பர் 15

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

தன் தலையில் என் கையை வைத்து அண்ணன் சத்தியம் வாங்கியிருக்கிறது, உங்களிடம் சொல்லக் கூடாது என்று. எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சாவி குத்திய இடம் ஆறவில்லை. அண்ணன் அதன் மேல் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு மூன்று வாரம் தபால் கொடுத்திருக்கிறது. எனக்குக்கூடத் தெரியாது. ஒரு நாள் படியேறும்போது வாடை வந்தது. சாக்ஸைப் பிடுங்கிப் பார்த்தால் விரலே கறுத்திருக்கிறது. ஜூலை இருபத்தோராம் தேதி இடது சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். இருபத்துமூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். நீங்கள் போனில் கேட்டது மருந்து வண்டிச் சத்தம்.

அன்றைக்குச் சாவிக் கதையைக் கேட்டுச் சிரித்தேனே அண்ணி, அதை நினைத்தால் எனக்கு வாயை உடைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இப்போது புண் ஆறி வருகிறது. ஆனால் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனி ஒரு காயம் பட்டால் பாதம் போய்விடும். காலுக்குத் தெரியாததைக் கைதான் பார்க்க வேண்டுமாம். ஒவ்வொரு முறையும் ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காலை விட வேண்டும். அண்ணனிடம் சொன்னால், “நான் என்ன எலியா பிடிக்கிறேன், பொந்துக்குள்ள கைய விட?” என்கிறது. என் பேச்சு எடுபடவில்லை. நீங்கள் சொன்னால்தான் கேட்கும்.

என்னைக் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 27

என்னங்க,

உங்கள் தங்கை எழுதிவிட்டாள். அவளைத் திட்டினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

நான் உங்களுக்கு யார்? பதினொரு தெருவுக்கும் நல்லது கெட்டது அத்தனையும் கொண்டுபோய்க் கொடுத்தவர், என் வீட்டுச் சேதியை மட்டும் எனக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டீர்கள். உங்களை அறுக்கும்போது நான் இங்கே செருப்பு வாருக்குத் தையல் நேராக வரவில்லை என்று யாரையோ கடிந்துகொண்டிருந்தேன். அதை நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மேலாளரிடம் போய், என்னை விடுங்கள் என்று கேட்டேன். மாற்று ஆள் வர ஜனவரி ஆகும் என்றார். அதுவரை நான் இங்கே ஒரு கைதி மாதிரிதான்.

உங்கள் கால் எப்படியிருந்தாலும் எனக்கு அது வேண்டும். உண்மையான அளவை வரைந்து அனுப்புங்கள். வரையும் வரை எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லக் கை வரவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்


அக்டோபர் 12

என் ராஜாத்திக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. தாள் வாங்கியும் எட்டு நாள் ஆகிறது. இன்றைக்குத்தான் காலை வைத்தேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்கிறாய். நீ வேலையை விட்டு ஓடி வந்துவிடுவாய் என்பதற்காக என்று தங்கையிடம் சொன்னேன். அது பொய். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். உங்கள் கம்பெனிக்கு நான் முதன்முதலில் பதிவுத் தபால் கொண்டுவந்த அன்று, நீ குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “இந்த ஷூ உங்களுக்கு இடது பக்கம் கடிக்குதே, எப்படி நடக்கறீங்க?” என்றாய். என் முகத்தை நிமிர்ந்து பார்க்க உனக்கு இன்னும் மூன்று பதிவுத் தபால் தேவைப்பட்டது. என் காலைத்தான் நீ முதலில் பார்த்தாய், ஆளை அப்புறம்தான். அந்தச் சுண்டுவிரல் இல்லாவிட்டால் நீ என்னோடு பேசியே இருக்க மாட்டாய். அதைத் தொலைத்துவிட்டேன் என்று உனக்கு எப்படி எழுதுவேன்? ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போது நான் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. தாளில் வரைந்தால் பார்த்துத்தானே ஆக வேண்டும். அதனால்தான் திருட்டு வேலை செய்தேன்.

இன்றைக்குப் பார்த்துவிட்டேன். பென்சில் அந்த இடத்தில் வந்ததும் சறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. கோடு கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். கால் அப்படித்தான் இருக்கிறது.

பொருத்தமான ஷூ கிடைத்தால் ஒரு தெருவுக்காவது நடந்து பார்க்கலாம் என்கிறார் டாக்டர். பதினொரு தெரு இனி இல்லை. எனக்குத் தெருவெல்லாம் வேண்டாம். நீ வரும் நாளில் வாசல்வரை நடந்து வந்தால் போதும்.

நீ நலமாக இரு. சாப்பிடு. உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, வேறெதுவும் தோன்றவில்லை.

உன்,
தபால்காரன்


டிசம்பர் 8

என் தபால்காரருக்கு,

நான் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுமென்று, சாமி கும்பிடாத நான் யாரையோ வேண்டிக்கொள்கிறேன்.

இத்தனை நாள் எழுதாதது கோபத்தால் இல்லை. கை ஒழியவில்லை. ஷூவை மேலே வைத்துத் தைக்க, உங்கள் இடது காலுக்கு அச்சுக்கட்டை எங்கேயும் கிடையாது. அடி ஒட்டும் அக்காவும் நானும் வேலை நேரம் போக மீதி நேரத்தில் ஒரு கட்டையைச் செதுக்கினோம். இரண்டு முறை தப்பாகப் போனது. உள்ளே ஒரு தையல்கூடக் காலில் படாது. மடிப்பு, முடிச்சு எதுவும் கிடையாது. எல்லாத் தையலும் வெளிப்பக்கம், ஆகவே ஷூ அழகாக இருக்காது. இரண்டு விரல் இருந்த இடத்துக்கு மெத்தென்று ஒரு அடைப்பு வைத்திருக்கிறேன்.

அக்காவின் வீட்டுக்காரருக்கு முட்டிவரை எடுத்தார்களாம். செதுக்கும்போதுதான் சொன்னார். “அவருக்கு இப்படி ஒண்ணு செஞ்சு குடுக்க அன்னிக்கு எனக்குத் தெரியலம்மா” என்றார். அதற்கு அப்புறம் உளியை என்னிடம் கொடுக்கவே இல்லை, மிச்சத்தை அவரே செய்தார்.

நீங்கள் அனுப்பிய அளவுத் தாளை என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். சுண்டுவிரலுக்காக நான் உங்களோடு பேசவில்லை. ஷூ அப்படிக் கடித்தும் சிரித்துக்கொண்டு நின்றீர்களே, யாரிந்த மடையர் என்றுதான் பேசினேன். முகத்தையும் அன்றைக்கே பார்த்தாகிவிட்டது. உங்களுக்குத் தெரியாமல் பார்த்தேன்.

பார்சல் தனியாக வருகிறது. ஷூ போடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். திருப்பிச் சொல்லமாட்டேன். செய்தீர்களா என்று உங்கள் பதிலிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

உங்களவள்


ஜனவரி 9

என் கண்ணுக்கு,

நலம். நிஜமாகவே நலம். புண் மூடிவிட்டது. சர்க்கரை டாக்டர் சொன்ன இடத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. உன் உடம்பு தேவலையா?

நேற்று என் மேஜைக்கே உன் பார்சல் வந்தது. என் பெயருக்கு வந்த தபாலை நானே பிரித்து நம் தெருக் கட்டில் போட்டு, நானே எடுத்து, நானே கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தேன். ஷூ அழகாக இல்லை என்று யார் சொன்னது?

தங்கை என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் காலைத் தூக்கினால் பிடித்துக்கொள்ளத் தயாராக இரண்டு கையையும் நீட்டி வைத்திருந்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காததைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நீதான் அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறாய் என்று அப்புறம் ஒப்புக்கொண்டாள்.

ஆனால் அவள் பிடிக்கத் தேவையில்லாமல் போனது. வலது ஷூவுக்குள் கையை விட்டேன். ஒன்றுமில்லை. இடதுக்குள் விட்டுத் தடவிக்கொண்டே போனேன். நீ தடவிப் பார்த்த இடமெல்லாம் என் கையும் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். நுனியில், அந்த அடைப்புக்குப் பக்கத்தில், பஞ்சு மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தேன். ஷூவுக்கு உள்பக்கம் ஒட்டும் அஸ்தர் துணியை நான்கு சுற்றுச் சுற்றி நூலால் கட்டியிருந்தாய். பிரித்தால் உன் சாவி. உன் கழுத்தில் கிடந்து கிடந்து அது பளபளப்பாகிவிட்டது.

கூட இருந்த சீட்டைப் பத்து முறையாவது படித்திருப்பேன். “ஜனவரி இருபத்தெட்டாம் தேதி பகல் வண்டியில் வருகிறேன். இனிமேல் எனக்குச் சாவி வேண்டாம்.”

சாவி இரண்டையும் ஆணியில் மாட்டிவிட்டேன். ஷூவுக்குள் இனி கை மட்டும்தான் போகும். ஸ்டேஷனுக்கு வர டாக்டர் விடமாட்டேன் என்கிறார், கோபித்துக்கொள்ளாதே, தங்கை வருவாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் மணியை அடி. உடனே கதவு திறக்காவிட்டால் பயந்துவிடாதே. ஷூவைத் தடவிப் பார்த்துப் போட்டுக்கொண்டு, கூடத்தைத் தாண்டி வர இப்போது எனக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது.

நில். நான் வந்து திறப்பேன்.

உன்,
தபால்காரன்